ஆலயம் பூட்டியிருக்கும் நாட்களில் மலைச் சபையின் ஊழியம்: நடைமுறைக் குறிப்பு ஒன்று எழுத உங்கள் அனுபவம் தேவை

கேள்வி: கோத்தகிரி செயலர்

அன்பார்ந்த அனைவருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரிக்கும் கீழ்க்கோத்தகிரிக்கும் இடையிலுள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குருசேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் கீழுள்ள சபைகளின் தொகுதியில், செயலராக இருக்கிறேன். ஊருக்குள் தாய்ச்சபை ஒன்றும், தேயிலைத் தோட்டங்களை ஒட்டி நான்கு கிளைச்சபைகளும் உள்ளன. ஐந்துக்கும் ஆயர் ஒருவரே. சென்ற மாதம் நடந்த சேகரக் கமிட்டியில், கொரோனா ஆண்டுகளில் எதையெல்லாம் முன்யோசனையின்றிச் செய்தோம் என்ற பேச்சு எழுந்தது. மீண்டும் ஒருமுறை ஆலயத்தைப் பூட்ட நேர்ந்தால் யாருக்கு எது பொறுப்பு என்பதை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரும் வேலை அப்போது என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. தொற்றுநோய்க்கு மட்டுமான குறிப்பாக அது இருக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய வாரத்திலும், அதற்குப் பத்தாண்டு முன்பு 2009 நவம்பரில் மண்சரிவுகள் சாலைகளை அறுத்தபோதும், ஆயர் வர இயலாத ஞாயிறுகள் எங்களுக்கு இருந்திருக்கின்றன.

எங்களிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 22 ஞாயிறன்று மக்கள் ஊரடங்கு. அன்று நின்ற ஆலய மணி குருத்தோலை ஞாயிறுக்கும் ஒலிக்கவில்லை, பெரிய வெள்ளிக்கும் ஒலிக்கவில்லை, ஏப்ரல் 12 ஈஸ்டருக்கும் ஒலிக்கவில்லை. கிராம ஊராட்சிகளில் உள்ள சிறிய வழிபாட்டுத் தலங்களை ஜூலை 1 முதல் திறக்கலாம் என்று அரசு அறிவித்தபோது எங்கள் கிளைச்சபைகள் திறந்துகொண்டன. அப்போது பேரூராட்சியாக இருந்த ஊருக்குள் உள்ள தாய்ச்சபையோ செப்டம்பர் 1 வரை பூட்டியே கிடந்தது. பிள்ளைகள் எழுந்து நடமாடத் தாய் படுத்திருக்கிறாள் என்று எங்கள் பொருளாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து மாதமும் ஆயர் ஒரு கைபேசியைப் பிரசங்க பீடத்தின் எதிரே நிறுத்தி யூடியூபில் ஆராதனை நடத்தினார். பார்த்தவர்களின் எண்ணிக்கை மகிழ்ச்சி தருவதாகவே இருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கோயம்புத்தூரிலும் பெங்களூருவிலும் வளைகுடாவிலும் வேலைபார்க்கும் எங்கள் பிள்ளைகள் என்பதும், சிக்னல் எட்டாத பள்ளத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகளில் இருப்பவர்கள் ஒரு வாரம்கூடப் பார்க்கவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, சிக்னல் இல்லாத குடும்பங்களை உங்கள் சபைகள் எவ்வாறு எட்டின என்பதை முதலில் அறிய விரும்புகிறேன். அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்தை என்ன செய்தீர்கள், அடக்க ஆராதனைகளை எப்படி நடத்தினீர்கள், காணிக்கையும் சந்தாவும் நின்றபோது ஊழியர்களின் சம்பளம் எப்படி நடந்தது என்பவற்றையும் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் சமவெளி நகரத்துப் பெரிய சபைகளுக்கு எழுதப்பட்டவை. ஒளிபரப்பு விளக்குகளைப் பற்றிப் படித்து எனக்குப் பயனில்லை.

பதில் 1: பந்தலூர் உபதேசியார்

ஐயா, நான் ஆயருக்குத் துணையாகச் சபையை நடத்தி ஓய்வுபெற்ற உபதேசியார். சேரம்பாடிப் பக்கத்துத் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தவன். எங்கள் சபையார் பெரும்பாலும் 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டான்டீ எனும் அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் அமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவார்கள். அவர்களிடம் பட்டன் கைபேசி உண்டு. தொடுதிரைக் கைபேசி இருந்தாலும் அது பள்ளிக்கூடப் பாடத்துக்காகப் பிள்ளையின் கையில் இருக்கும்.

நாங்கள் செய்தது மிக எளிய காரியம். பட்டன் கைபேசியில் கான்ஃபரன்ஸ் கால் போட்டால் ஐந்தாறு பேரைச் சேர்க்கலாம் அல்லவா? ஒவ்வொரு லைனிலும் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தெரிந்தெடுத்து, சனிக்கிழமை மாலை அந்த ஐந்து பேரோடு நான் பேசுவேன். மறுநாளுக்கான வேதபகுதி, இரண்டு பாட்டு, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற விவரம், இவ்வளவுதான். ஞாயிறு காலை அவர்கள் தங்கள் லைனில் வாசலுக்கு வாசல் நின்று வாசிப்பார்கள். லைன் வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், முன்னால் நீண்ட திண்ணை. அவரவர் வாசலில் அவரவர் குடும்பம் உட்கார்ந்தால் இடைவெளியும் கிடைக்கும், குரலும் கேட்கும். யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் அந்த நாட்களில் நல்ல வாசகர்களாகிவிட்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாதி ஆட்களைக் கொண்டு தோட்ட வேலை நடக்கலாம் என்று மத்திய அரசு 2020 ஏப்ரலில் அனுமதித்ததும், கொழுந்து எடை போடும் இடத்தில் தினமும் சிலரைப் பார்க்க முடிந்தது. எந்த வீட்டில் காய்ச்சல், எந்த வீட்டில் அரிசி இல்லை, யார் சர்க்கரை மாத்திரை வாங்க முடியாமல் இருக்கிறார் என்ற செய்தி எல்லாம் அங்கேதான் கிடைத்தது. ஊழியம் என்று எழுதினால் பெரிதாகத் தோன்றும்; நான் செய்தது ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீடு வீடாகப் பெயர் எழுதி, யாரைக் கடைசியாக எப்போது விசாரித்தேன் என்று தேதி போட்டது மட்டுமே. உங்கள் குறிப்பில் முதலில் இந்த நோட்டை எழுதுங்கள். நோய் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் பாதி வீடு விட்டுப்போகும்.

இனி, அடக்கத்தைப் பற்றி. 2021 மே மாதம், இரண்டாம் அலையில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி மருத்துவமனையில் இறந்தார். உடலைப் பையில் கட்டி ஆம்புலன்ஸில் நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். குழி வெட்டுபவர் வர மறுத்துவிட்டார். வாலிபர்கள் நான்கு பேர் குழி வெட்டினார்கள். ஆயரோ கேரள எல்லைக்கு அப்பால் சிக்கியிருந்தார், நாடுகாணிச் சாவடியைத் தாண்ட அனுமதி கிடைக்கவில்லை. நான் வேலிக்கு வெளியே நின்று அடக்க ஆராதனை முறைமையை வாசித்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அந்த அம்மாவின் மகள் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கூடாது என்று அங்கிருந்த எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன்.

பல மாதங்களுக்குப் பிறகு, மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே வெளியிட்ட வழிகாட்டுதலைப் பேரன் எனக்குப் படித்துக் காட்டினான். பையின் முகப்பகுதியைத் திறந்து உறவினர் ஒருமுறை பார்க்கலாம், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம், வேதம் வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம் என்று அதில் இருக்கிறது. உரிய பாதுகாப்போடு பணியாளர் திறந்து காட்டியிருக்க முடியும். விதியை அறியாமல் விதியைவிடக் கடுமையாக நான் நடந்துகொண்டேன். அந்த மகளைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது. எனவே அப்போதைக்கு அமலில் உள்ள அரசாணையின் நகலைப் படித்து விளக்க ஒரு ஆளை நியமியுங்கள். வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது.

பதில் 2: குன்னூர் செவிலியர்

உபதேசியார் ஐயா எழுதியதைப் படித்து நெடுநேரம் பேசாமல் இருந்தேன். நானும் அந்த மாதங்களில் பணியில் இருந்தவள். குடும்பத்தாருக்கு விதியைச் சரியாகச் சொல்ல எங்களில் பலருக்கும் அப்போது நேரம் இருக்கவில்லை.

செயலர் ஐயா கேட்காத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மலை ஆலயங்கள் காற்றோட்டம் இல்லாதவை. நூறு ஆண்டுக்கு முன் குளிரைத் தடுப்பதற்காகக் கட்டிய தடித்த கல் சுவர்கள், திறக்க இயலாதபடி பதித்த வண்ணக் கண்ணாடிகள், மூடுபனி உள்ளே வராமல் சாத்திவைக்கும் கதவுகள். செப்டம்பரில் ஆலயங்களைத் திறந்தபோது வாசலில் கை கழுவும் திரவம் வைத்தோம், பெஞ்சுகளில் பெருக்கல் குறி போட்டோம், வெப்பமானியை நெற்றியில் காட்டினோம். ஜன்னலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நோய் காற்றின் வழியே பரவுவதுதான் பெரிய ஆபத்து என்பது அப்போதே தெரியத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற மாவட்டத்தில் 2020 மார்ச் 10 அன்று பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டது அல்லது கண்டிருக்கக்கூடும் என்று முடிவு செய்யப்பட்டது, இருவர் இறந்தார்கள். பாடும்போது மூச்சு ஆழமாக வெளிவருகிறது, மூடிய அறையில் அது தங்கிவிடுகிறது.

ஆகவே, ஆராதனையை நடத்தலாம் என்ற அனுமதி இருக்கும் காலத்திலும், காலை எட்டு மணிக்குப் பனியில் கதவைச் சாத்திக்கொண்டு நடத்துவதைவிட, பதினொரு மணிக்கு வெயில் விழும் ஆலய முற்றத்தில் நடத்துவது நல்லது. எங்கள் சபையில் முதியோர் இதை விரும்பினார்கள், வெயில் காய்ந்த மாதிரியும் ஆயிற்று. பாட்டுகளைக் குறைத்துக்கொள்ளச் சொன்னபோதுதான் பாடகர் குழுவினருக்கு என் மேல் வருத்தம். இன்றும் முழுவதும் தீரவில்லை.

தடுப்பூசியும் ஊழியத்தின் பகுதியாகவே அமைந்தது. 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது கிடைக்கத் தொடங்கியபோது, கோவின் தளத்தில் பதிவு செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு எங்கள் வாலிபர் ஐக்கியம் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தது. அதே சமயம் சில ஜெபக் குழுக்களில் ஊசியைப் பற்றிய பயமுறுத்தும் ஒலிப்பதிவுகளும் சுற்றின. எங்கள் ஆயர் தாம் ஊசி போட்டுக்கொண்ட படத்தைக் குழுவில் பகிர்ந்தார். நான் மருத்துவமனையில் நூறு முறை விளக்கியதற்கு அந்த ஒரு படம் ஈடாயிற்று.

பதில் 3: குந்தா வாசகர்

மாற்றுக் கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். எல்லோரும் பூட்டியதை எப்படி நன்றாகச் செய்வது என்று பேசுகிறீர்கள். பூட்டியது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை. 2020 மே மாதத்திலேயே டாஸ்மாக் கடைகள் திறந்தன, ஆலயத்துக்குச் செப்டம்பர் வரை பூட்டு. 2021 ஆகஸ்டு முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களில் மக்களுக்கு அனுமதி இல்லை. திங்கள்கிழமை திறந்து கிறிஸ்தவன் என்ன செய்வது? சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரேயர் நிருபத்தின் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. சட்டத்தை மீறச் சொல்லவில்லை. ஆனால் நம் தலைவர்கள் ஒரு முறையாவது அழுத்தமாகக் கேட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம். உங்கள் குறிப்பில், பூட்டுவதற்கு முன் அதிகாரிகளிடம் பேச ஒருவர் இருக்கட்டும்.

பதில் 4: கொடைக்கானல் பங்கு உறுப்பினர்

குந்தா நண்பரின் ஆதங்கத்தில் நியாயம் உண்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் அதே பூட்டு விழுந்ததால், நம்மை மட்டும் குறிவைத்த ஆணை அது என்று சொல்ல முடியாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது எங்கே வலித்தது என்று சொல்கிறேன். இங்குள்ள சலேத் அன்னை ஆலயத் திருவிழா ஆகஸ்டு 14, 15 தேதிகளில் வரும். மலையிலும் சமவெளியிலும் இருந்து எல்லா மதத்தாரும் வருவார்கள். 2020 ஆகஸ்டில் எங்கள் ஆலயம் திறக்கவேயில்லை. 2021இல் அந்த இரண்டு தேதிகளும் சனி, ஞாயிறாக அமைந்தன. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விழா நாளில் மக்கள் இல்லாத ஆலயத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். காந்தல் குருசடித் திருவிழா மே 3இல் வருவதால் உதகைக்காரர்களுக்கும் 2020இல் இதே கதிதான்.

ஆயினும், கூடிவருதலைப் பற்றிப் பேசும்போது ஒரு கத்தோலிக்கனான நான் மார்ட்டின் லூத்தரை நினைவுபடுத்த வேண்டியிருப்பது வேடிக்கைதான். 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது, நோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு நீண்ட மடல் எழுதினார். மருந்தை உட்கொள்ள வேண்டும், தேவையில்லாத இடத்துக்குப் போய்ப் பிறருக்கு நோயைக் கொடுக்கக் கூடாது, அப்படிச் செய்வது கடவுளைச் சோதிப்பதாகும் என்பது அதன் ஒரு பகுதி. மக்களை மேய்ப்பவர்கள் தங்கள் மந்தையை விட்டு ஓடலாகாது என்பது மறுபகுதி. அவரும் ஊரிலேயே தங்கினார். நம்மவர்களில் சிலர் முதல் பகுதியையும் வேறு சிலர் இரண்டாம் பகுதியையும் மட்டும் படித்தவர்கள்போல் நடந்துகொண்டோம்.

திருவிருந்தைப் பற்றிச் செயலர் கேட்டிருந்தார். எங்கள் முறை வேறு என்றாலும் சொல்கிறேன். மாதா தொலைக்காட்சியில் திருப்பலி கண்டு, நற்கருணையை உட்கொள்ள இயலாதவர் அதற்கான ஆவலோடு செய்யும் மன்றாட்டாகிய ஆன்மீக நற்கருணையை அப்போது எல்லோரும் கற்றுக்கொண்டோம். குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தைத் தொலைபேசியில் பெற முடியாது என்பதில் திருச்சபை தெளிவாக இருந்தது; ஆனால் நோய்த் தீவிரத்தால் குருவை அணுக முடியாதவர்களுக்கு, உண்மையான மனத்துயரோடு, பின்னர் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு இறைவனிடம் மன்னிப்பு வேண்டலாம் என்று வத்திக்கான் 2020 மார்ச்சில் நினைவூட்டியது. உங்களில் சிலர் வீட்டில் ரொட்டியையும் திராட்சை ரசத்தையும் வைத்துக்கொண்டு திரையின் முன் திருவிருந்து எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அது சரியா தவறா என்பது உங்கள் பேராயர் சொல்ல வேண்டியது. அதை மட்டும் நெருக்கடி நேரத்தில் தீர்மானிக்காமல் இப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சுற்றுலாவை நம்பிய ஊர் என்பதால் எங்கள் காணிக்கை ஒரே வாரத்தில் நின்றுபோனது. குதிரை ஓட்டுபவர், விடுதியில் அறை சுத்தம் செய்பவர், சாக்லேட் கடையில் நிற்கும் பெண் எல்லோரும் எங்கள் பங்கு மக்களே. 2020 செப்டம்பரில் மாநிலம் முழுவதும் இ-பாஸ் நீங்கிய பிறகும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது தொடர்ந்ததால், மற்ற ஊர்கள் எழுந்தபோதும் நாங்கள் எழவில்லை. (இப்போது 2024 முதல் நெரிசலுக்காக மறுபடியும் இ-பாஸ் வந்திருக்கிறது, அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊரில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும்.) அப்போது உதவியது அன்பியங்கள்தான். முப்பது குடும்பத்துக்கு ஓர் அன்பியம் என்று ஏற்கெனவே பிரிந்திருந்ததனால், யாருக்கு அரிசி போக வேண்டும் என்று யாரும் கணக்கெடுக்கத் தேவைப்படவில்லை. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விற்க முடியாமல் நிலத்தில் கிடந்த கேரட்டையும் உருளைக்கிழங்கையும் விவசாயிகள் மூட்டையாகக் கொடுத்தார்கள். அது ஊருக்குள் அன்பியம் அன்பியமாகப் பிரிந்து போயிற்று. பணமாக வராத காணிக்கையையும் கணக்கில் எழுத உங்கள் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கோத்தகிரி செயலர்

அனைவருக்கும் நன்றி. சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று எங்கள் ஆலயத்து ஜன்னல்களைப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டில் மூன்றுதான் திறக்கின்றன. அவற்றிலும் ஒன்றின் கொக்கி துருப்பிடித்து உறைந்துவிட்டது. குறிப்பு எழுதுவதற்கு முன் தச்சரைக் கூப்பிட வேண்டும்போல் இருக்கிறது.

உபதேசியார் ஐயாவின் நோட்டுப் புத்தகத்தையும், லைனுக்கு ஒரு வாசகர் என்ற ஏற்பாட்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கமிட்டி என்னிடம் எதிர்பார்த்தது கேமரா வாங்குவதற்கான விலைப்பட்டியலை என்று நினைக்கிறேன். அதை இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளலாம். அதிகாரிகளிடம் பேசவும் ஆணைகளைப் படித்துச் சொல்லவும் ஒருவரை நியமிக்கலாம் என்ற இரு ஆலோசனைகளையும் ஒரே பொறுப்பாகச் சேர்க்கிறேன். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் அலுவலக ஊழியர் ஒருவர் இருக்கிறார். திருவிருந்தைக் குறித்துப் பேராயருக்கு எழுத ஆயர் ஒப்புக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் நிற்கிறது. தொற்று என்ற பேச்சு எழுந்தால் ஊரார் சிலர் அடக்கத்துக்கே தடை சொல்லக்கூடும். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வழி ஒரு தனியார் தோட்டத்தின் ஊடாகப் போகிறது.

பந்தலூர் உபதேசியார்

ஐயா, 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சிலர் கல்லெறிந்த பிறகு, அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு வரை சிறை என்று அதில் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் அன்றைக்குச் சட்டம் பேசி வழி வாங்குவது கடினம். தோட்ட மேலாளரிடம் இப்போதே ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், மேலாளர் மாறும்போது புதுப்பியுங்கள். கல்லறைத் தோட்டத்துச் சாவி எங்களிடம் ஆயர் வீட்டில் மட்டும் இருந்தது. அன்று பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனோம். இப்போது இரண்டு மாற்றுச் சாவிகள் செய்து, ஒன்றை மேல் லைனிலும் ஒன்றைக் கீழ் லைனிலும் கொடுத்துவைத்திருக்கிறோம்.